கீழ்வீட்டுப் பீடத்துக்கு மேலே

அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார் என்று அக்கா போனில் சொன்னபோது நான் திண்டிவனத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுப்பதா வேண்டாமா என்று அந்த வீட்டுக் கணவனுக்கும் மனைவிக்கும் வழக்கு. சுவர் போனால் வீடு பெரிதாகத் தெரியும் என்பது மனைவியின் கட்சி. மீன் வறுத்தால் வாசனை சோபா வரைக்கும் வரும் என்பது கணவரின் கட்சி. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"காலையிலேர்ந்து ஒரு டம்ளர்தான்டா குடிச்சிருக்காரு," என்றாள் அக்கா. "கேட்டா தாகமே இல்லன்றாரு. ஒதடு வெடிச்சுக் கெடக்குது."

மொட்டை மாடிக்குப் போய் மீதியைக் கேட்டேன். கேட்காமலே தெரிந்த விஷயம்தான்.

சர்க்கரை அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. பெருமுக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருக்கிறது. ஊன்றுகோலோடு அங்கே போய்வர முடியாது. அதனால் வளவனூரில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலேயே தங்கினாள். கட்டில் பக்கத்தில், நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டோம். அதன் அடியில் ஒரு வாளி. அந்த வாளியை யாராவது எடுத்துப்போய்க் கொட்ட வேண்டும். அக்கா முகம் சுளிக்காமல்தான் செய்தாள். ஆனால் மருமகன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மகள் தன் வாளியைத் தூக்கிப் போவதை அப்பாவால் பார்க்க முடியவில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும்? சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் குறையவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஊரு வீட்டயெல்லாம் ஒடச்சுக் கட்டற," என்றாள் அக்கா. "ஒன் வீட்ட எப்பக் கட்டுவ?"

எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கட்டடக்கலையில் டிப்ளமோ. அடுக்குமாடி வீடுகளின் உள்வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் விழுப்புரத்தில் வேலை. சில மாதங்களுக்கு முன்னால் விழுப்புரத்திலேயே பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கியிருந்தேன். லிஃப்ட் இருக்கிறது என்பதற்காகவே வாங்கினேன். வைகாசியிலேயே பாலும் காய்ச்சியாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் அங்கே வருவதாக ஏற்பாடு. எல்லாம் சரி, குளியலறை மட்டும் சரியில்லை.

பழைய கட்டடங்களில் குளியலறைத் தளத்தைப் பள்ளமாக விட்டுக் கட்டும் பழக்கம் கிடையாது. கழிவுக்குழாய் ஓட இடம் வேண்டுமே என்று, தளத்துக்கு மேலே செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, குளியலறையையே மேடையாக உயர்த்திவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சமையலறைக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு படி ஏறி உள்ளே போக வேண்டும். உள்ளே கீழே குந்தி உட்காரும் கழிப்பறை. இரண்டு கால் இருக்கிறவர்களே ஈரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். படிக்குப் பதில் சரிவு போடலாமென்றால் சந்தில் நீளம் கிடையாது.

ஒரே வழி, மேடையை இடித்துத் தரைமட்டத்துக்குக் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் குழாய் ஓட மேலே இடமில்லை. தளத்தில் ஓட்டை போட்டு, குழாயைக் கீழ்வீட்டின் கூரைக்கு அடியில் தொங்கவிட்டு, வெளிச்சுவர் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். நான் போட்ட கணக்கு சுலபமானது: எல்லா மாடியும் ஒன்றுபோலத்தான் கட்டியிருப்பார்கள், எங்கள் குளியலறைக்குக் கீழே அவர்களுடைய குளியலறைதான் இருக்கும், குளியலறைக் கூரையில் ஒரு குழாய் தெரிந்தால் யாருக்கு என்ன?

கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு அரசுப் பள்ளியின் கணக்கு டீச்சர். கணவருக்கு வெளியூரில் வேலை, வாரக்கடைசியில் வருவார். சம்மதம் கேட்கப் போக நான் தேர்ந்தெடுத்த நாள் ஆனி மாதத்தின் கடைசி நாள். தேர்ந்தெடுத்தேன் என்பது தவறு, அம்மா தேர்ந்தெடுத்தாள். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாது. ஆனியிலேயே கை வைத்துவிட்டால் ஆடியில் தொடர்ந்து செய்யலாம், குற்றமில்லை. கை வைப்பது என்றால் பேருக்கு ஒரு அடி. அதற்காக அம்மா மஞ்சள், எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு முதல் பஸ்ஸிலேயே ஊரிலிருந்து வந்துவிட்டாள். திண்டிவனத்தில் என்னோடு வேலை செய்யும் கொத்தனாரையும் அவளே போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

"நான் டீச்சர்கிட்ட கேட்டுட்டு வர்ற வரைக்கும் ஒன்னும் பண்ணாதம்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

"ராவுகாலம் வர்றதுக்குள்ள வந்துடு," என்றாள். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் கூடத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தார். டீச்சர்கள் எதிரில் எனக்கு இன்னும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். கையைக் கட்டிக்கொள்ளாததுதான் பாக்கி. அப்பாவின் நிலைமையைச் சொல்ல வாயெடுக்கும்போதே அதைப் பார்த்துவிட்டேன். சமையலறைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டில் குளியலறை இருக்கும் அதே இடத்தில், கதவில்லாத ஒரு சின்ன அறை. வெள்ளைச் சுண்ணாம்பு. நடுவில் பீடம். பீடத்தின் மேல் நீலச் சேலையில் மாதா சொரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, சுற்றிலும் சின்ன பல்புகள். மாதாவின் தலைக்கு மேலே சுவரில், சன்னலை அடைத்துப் பூசிய சதுரத் தடம் லேசாகத் தெரிந்தது. எங்கள் குளியலறையின் காற்றுச் சன்னல் இருக்கும் அதே உயரம். பீடத்துக்கு இடப்பக்கம் தரையோரமாக, குழாயை வெட்டிச் சிமெண்ட் வைத்து மூடிய வட்டம்.

வீட்டை இவர்களுக்கு விற்றவர் படுக்கையறையை ஒட்டி வேறு குளியலறை கட்டிக்கொண்டு, பழையதை மூடிச் சமதளமாக்கி வெள்ளையடித்து விற்றிருக்கிறார். இவர்கள் அதை ஏதோ சாமான் அறை என்று நினைத்து, வீட்டிலேயே அமைதியான மூலை என்று மாதாவை வைத்திருக்கிறார்கள்.

"இது எங்க வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் செஞ்சது, தம்பி," என்றார் டீச்சர், நான் பார்ப்பதைப் பார்த்து. "ஃபாதர் வந்து மந்திரிச்சு வச்சுக் குடுத்தாரு. சொல்லுங்க, என்ன விஷயம்?"

அப்பாவின் காலைச் சொல்லி, குழாய் வேண்டும் என்றேன். எங்கே வரும் என்று கேட்டார். கையை உயர்த்தி அந்த அறையின் கூரையைக் காட்டினேன். கை தானாக இறங்கிவிட்டது.

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாக, கரும்பலகை முன்னால் நிற்பவர்போலச் சொன்னார். வாஸ்து அது இது என்றெல்லாம் தாங்கள் பார்ப்பதில்லை. அப்பாவுக்காக வேறு என்ன உதவி வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் மாதா தலைக்கு மேலே கக்கூஸ் குழாய் போவதற்கு எப்படிச் சரியென்று சொல்வது? கீழே நின்று செபமாலை சொல்லும்போது மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் மனசு நிற்குமா? வேறு வழியே இல்லையா? படித்த பிள்ளைதானே, யோசித்துப் பாருங்கள்.

வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவரை மடக்கிவிடக்கூடிய ஒரு வார்த்தையும் என்னிடம் இருந்தது. டீச்சர், கட்டடம் கட்டிய நாளிலிருந்து மாதா தலைக்கு மேலே கக்கூஸ்தான் இருக்கிறது. அது மட்டுமா, மாதா நிற்கும் இடமே ஒரு காலத்தில் என்னவாக இருந்தது தெரியுமா? இதைச் சொன்னால் வாதம் முடிந்தது. ஆனால் அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் மண்டியிடும் இடத்தை அவர் மனசில் கெடுத்துவிட்டுத்தான் முடியும். டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்பாவின் வெடித்த உதடு கண்ணுக்குள் வந்தது. சொல்லிவிடலாமா, சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

அப்போது மேலே டமாரென்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது அடியில் பீடத்துக்கு மேலே கூரைப்பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மாதாவின் தோளில் பட்டு, மெழுகுவத்தியைச் சாய்த்து, தரையில் நொறுங்கியது. நீலச் சேலை முழுக்க வெள்ளைத் தூள்.

டீச்சர் எழுந்து நின்றார். சொரூபத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"என்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சா?"

மேலே நடந்தது பிறகுதான் தெரிந்தது. ராகுகாலம் நெருங்கிவிட்டது. மகனைக் காணோம். அம்மா கற்பூரம் ஏற்றி, குளியலறைப் படியின் மேல் மூன்று அடி போடச் சொல்லியிருக்கிறாள். பேருக்குத்தானே என்று சின்ன உளியில் தட்டாமல், கொத்தனார் சம்மட்டியைத் தூக்கியிருக்கிறார். ஆடி வாசலிலேயே வந்து நிற்பதுபோல அவருக்கு அவசரம்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மாவே இறங்கி வந்துவிட்டாள், மஞ்சள் கையோடு. வாசலில் நின்றாள். விழுந்து கிடந்ததைப் பார்த்தாள். மாதாவைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நாந்தான் டீச்சரம்மா அடிக்கச் சொன்னன்," என்றாள். "இவன் இல்ல. இவன் வேணான்னுதான் சொல்லிட்டு வந்தான். நாளைக்கு ஆடி. விட்டா ஆவணி வரைக்கும் கை வைக்க முடியாது. அதுவரைக்கும் அவரு தாங்கமாட்டாரு."

"ஏன், என்ன ஆச்சு?"

"தண்ணி குடிக்க மாட்டன்றாரு. குடிச்சா போவணுமாம். போனா பொண்ணு வாளி எடுக்கணுமாம். வாய மூடிக்கினு கெடக்கறாரு."

டீச்சர் சொரூபத்தைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானை நுனியால் தூளைத் துடைத்தார். அப்புறம் கூரையில் பெயர்ந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா, அவர் மனசில் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்வி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தது.

"தம்பி, இதுக்கு நேர் மேல இப்ப என்ன இருக்கு?"

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. சந்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவர் டீச்சர்.

"பாத்ரூம்தான் டீச்சர்."

"நீங்க புதுசா கட்டப்போறது இல்ல. இப்ப இருக்கறது."

"ஆமா டீச்சர். ஆரம்பத்துலேர்ந்தே."

"எல்லா மாடியும் ஒரே மாதிரிதான கட்டியிருப்பாங்க."

அவர் பீட அறையைப் பார்த்தார். அடைத்த சன்னலின் தடத்தில் கண் நின்றது. அங்கிருந்து இறங்கித் தரையோரத்துச் சிமெண்ட் வட்டத்தில் நின்றது. அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"போங்க," என்றார். "ரெண்டு பேரும் மேல போங்க. நான் சொல்லியனுப்பறேன்."

ஆடி முதல் நாள் டீச்சர் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போனாரா என்றுகூடத் தெரியவில்லை. மேலே குளியலறைப் படியில் ஒரு மூலை மட்டும் உடைந்து, மஞ்சள் பூசி நின்றது. வேலைக்குப் போனேன். எந்த வீட்டிலும் மனசு நிற்கவில்லை. மத்தியானம் அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு ஒன்றுக்குப் போகும் இடத்தில் எரிச்சல், காய்ச்சல், பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது.

அம்மா என்னைப் போய்ச் சொல்லச் சொன்னாள். "காய்ச்சல்னு சொன்னா அந்தம்மா எறங்கி வரும்." நான் மாட்டேன் என்றேன். அவருக்கு நேற்று ஒரு வீட்டின் அடியே கழன்றுபோயிருக்கிறது, அதற்கு மேல் அப்பாவின் காய்ச்சலையும் கொண்டுபோய் வைத்தால் அவர் சம்மதிப்பதற்குப் பேர் சம்மதமா? அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"படிக்க வச்சது தப்பாப் போச்சு," என்றாள். "பேஜாரு புடிச்சவன். அங்க உசுரு ஊசலாடிக்கினு கீது, இவன் பேரு வச்சுக்கினு நிக்கறான்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதில் தெளிவில்லை. கீழே போக நான் செருப்பைக்கூட ஒருமுறை மாட்டினேன்.

சாயங்காலம் டீச்சரே மேலே வந்தார். உட்காரவில்லை. குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றார். சந்தில் போய், உடைந்த மூலையைத் தாண்டி இரண்டு படியும் ஏறினார். உள்ளே நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கித் தூக்கினார். ஒற்றைக் காலில் நின்று கீழ்ப்படியைப் பார்த்தார். இறங்க முயலவில்லை. காலை ஊன்றிவிட்டு வெளியே வந்தார்.

"ஃபாதர்கிட்ட பேசிட்டேன்," என்றார். "மாதாவ கூடத்துக்கு மாத்திக்கறோம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து மந்திரிச்சுத் தரேன்னாரு. அதுவரைக்கும் ஒரு தட்டுகூடத் தட்டக் கூடாது. தட்டறப்ப நான் வீட்ல இருப்பேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிக்கொள்ளவும் இல்லை.

"இன்னொன்னு, தம்பி. அந்த எடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். அவரு ஆசையா செஞ்சது. நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்."

பிறகு அவரே கணவரிடம் சொல்லிவிட்டார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, யார் பேரும் போடாமல் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு வரைக்கும் காத்திருந்தது கொடுமை. அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. அக்கா மருந்துக்கு என்று சொல்லிச் சொல்லி மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். திங்களன்று தளத்தில் வட்டமாக ஓட்டை போடும் மிஷின் வந்தது. நான் கீழே டீச்சர் வீட்டில் நின்றேன். காலியான பீடத்தின் மேல் தார்ப்பாய் விரித்து, கூரைக்கு முட்டுக் கொடுத்து, மேலிருந்து ஒழுகும் சேற்றுத் தண்ணீரைப் பிடிக்க வாளி வைத்திருந்தேன். பழைய தளம், உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. மிஷின் சத்தம் மாறும்போதெல்லாம் முட்டைத் தொட்டுப் பார்த்தேன். டீச்சர் கூடத்தில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக ஒரே தாள் திருப்பப்படாமல் இருந்தது. கடைசியில் சிமெண்ட் உருளை ஒன்று பொத்தென்று வாளிக்குள் விழுந்தது. மேலே கொத்தனாரின் முகம் ஓட்டை வழியே தெரிந்தது.

"வணக்கம் டீச்சர்," என்றது முகம்.

டீச்சர் அன்றைக்குத்தான் சிரித்தார்.

பத்து நாளுக்குள் தரைமட்டத்தில் குளியலறை தயாரானது. வழுக்காத கல், உயரமான கழிப்பறை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்கச் சுவரில் மடக்குப் பலகை. கீழ்வீட்டில் குழாய்க்கு அடியில் பலகை அடித்துச் சத்தம் கேட்காமல் பஞ்சு வைத்து மூடினேன். கதவுக்கு, உள்ளே தாழ்ப்பாள் போட்டாலும் அவசரத்துக்கு வெளியே இருக்கும் வெட்டுக்கோட்டில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கக்கூடிய பூட்டு வைத்தேன். வயசானவர்கள் வீடுகளுக்கு நான் வழக்கமாகச் செய்வது அது.

அப்பா வந்த அன்று கூடத்தைப் பார்க்கவில்லை, அறையைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகச் சந்துக்குப் போனார். வாசலில் நின்று பூட்டைத் தடவினார்.

"இன்னா இது, வெளியிலயும் ஒரு கோடு கீது?"

அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கலாம் என்று சொன்னேன்.

"அத எடுத்துடு," என்றார். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் வெளியே நின்றோம். முதலில் நடைவண்டி சுவரில் இடிக்கும் சத்தம். அப்புறம் கம்பியைப் பிடிக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. இவ்வளவு நேரம் ஆகுமா என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். மயங்கிச் சாய்ந்திருந்தால் கேட்டிருக்காது. சட்டைப்பையில் நாணயத்தைத் தேடி எடுத்து, பூட்டின் கோட்டில் வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவும் இல்லை, தள்ளவும் இல்லை. இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம்.

"கதவுக்குக் கீழ நெழலு தெரியுது," என்றது உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க."

நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா முன்னால் நடந்தாள்.